பெயர் பெற்றோரும் பெயரற்றோரும்

வடபழனியிலிருந்து நூறடிச் சாலை வழியே கத்திப்பாராவை அடைந்து, பூவிருந்தவல்லிச் சாலையில் திரும்பினால், நந்தம்பாக்கத்தில் சென்னைப் போர்க் கல்லறைத்தோட்டத்தைக் காண்கிறோம். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியப் பகுதியிலும் சிதறிக்கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளை 1952இல் அங்கே ஒன்றுசேர்த்தனர். 856 பேர் அங்கு துயில்கின்றனர். கற்களின் அளவில் அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடு இல்லை. இவ்வளவு சிரத்தையோடு நாடுகள் போரில் மாண்டோரைப் போற்றுவது ஏன்?

மாண்ட வீரனுக்குக் கல் நடுதல் நம் மண்ணுக்குப் பழையது. தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக அதன் ஆறு நிலைகளைக் கூறுகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகல் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட ஒருவனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவன் மன்னனல்லன். அவனை அறிந்த ஊரார் எழுப்பிய கல் அது.

ஐரோப்பாவிலோ நெடுங்காலம் தளபதிக்குச் சிலையும் சாதாரண வீரனுக்குப் பொதுக்குழியுமே கிடைத்தன. நாட்டின் பேரால் குடிமக்களை இலட்சக்கணக்கில் போருக்கு அழைத்தபின்னரே அரசுகள் அவர்களுக்குக் கடன்பட்டதை உணர்ந்தன. 1917இல் பிரிட்டன் நிறுவிய போர்க்கல்லறை ஆணையம், பதவி, இனம், மதம் பாராது சமமாக நினைவுகூர்வதைக் கொள்கையாகக் கொண்டது. 1915இல் லூஸ் போரில் மகனை இழந்த கிப்ளிங், ஆணையத்தின் நினைவுக்கற்களுக்கான வாசகத்தைச் சீராக் 44:14இலிருந்து தெரிந்தெடுத்தார். நாம் தள்ளுபடி ஆகமங்களில் சேர்த்துள்ள நூல் அது! மாண்டோரின் பெயர் தலைமுறைதோறும் நிலைக்கும் என்பது அதன் கருத்து.

ஆனால் அதே அதிகாரத்தின் 9ஆம் வசனம், நினைவே இல்லாமற்போனோரைப் பற்றியும் பேசுகிறது. மெசொப்பொத்தாமியாவில் மாண்டோருக்காகப் பாஸ்ராவில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில் அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன; இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாயினர். சென்னை மாகாணத்தாரும் அப்போர்க்களத்தில் இருந்தனர். ஆணையமே அமைத்த குழு 2021இல் அளித்த அறிக்கை, குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கர், இந்தியர், எகிப்தியர், பெயர் சொல்லியோ, ஒருவேளை எவ்விதத்திலுமோ, நினைவுகூரப்படவில்லை என ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. சுதந்திர இந்தியாவும் விரைந்து செயற்படவில்லை. 1947க்குப் பின் மாண்ட 25,000க்கும் மேற்பட்ட வீரரின் பெயர்களைத் தாங்கும் தேசியப் போர் நினைவகம் 2019இல்தான் தில்லியில் திறக்கப்பட்டது.

ஆகவே போற்றுதலில் நன்றி மட்டுமல்ல, நாடு யாரைத் தன்னவராக எண்ணுகிறது என்ற தீர்ப்பும் அடங்கியுள்ளது. அடுத்த போருக்கு இளைஞரை ஆயத்தப்படுத்தும் நோக்கமும் அதில் கலந்திருப்பதை மறுக்கவியலாது. இங்கே திருச்சபை எச்சரிக்கையாயிருக்க வேண்டும். யோவான் 15:13ஐப் போர் நினைவுச்சின்னங்களில் பொறித்தவர்கள், கொல்லப்பட்டவன் கொல்லவும் அனுப்பப்பட்டவன் என்பதை மறைத்துவிட்டனர். ஆதிச்சபை பெயர் சொல்லி நினைவுகூர்ந்த இரத்தசாட்சி வாளேந்தாதவன். மாண்ட சிப்பாய்க்காகத் துக்கிப்பதும் அவனது தாயைத் தேற்றுவதும் ஆயரின் கடமை. அவனை இரத்தசாட்சியாக்குவது நமக்குரிய வேலையன்று.

1680இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோட்டைத் தூய மரியாள் ஆலயத்தின் சுவர்களில் ஆங்கில அதிகாரிகளின் நினைவுப்பலகைகள் நிறைந்துள்ளன. அவர்களோடு சென்ற தமிழ்ச் சிப்பாய்களில் கிறிஸ்தவராயிருந்தோரையேனும் நம் சபைகளின் பழைய ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளில் தேடலாம். சபை வரலாறு பயிலும் மாணவர் எவரேனும் இதை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்வாராயின், பதிவேடுகள் செல்லரித்துப் போகுமுன் தொடங்குவது நலம்.