அழுக்குப் பசுவின் வயது

ஒக்லாந்திலிருந்து தெற்கே காரில் போனால், பொம்பே குன்றுகளைத் தாண்டியதும் பசுக்கள்தான். நான் சொல்லவருவது வேறொரு பசு. 'டேர்ட்டி கவ்', அழுக்குப் பசு. 2016 ஒக்டோபரில் லினக்ஸ் இயங்குதளத்தில் பிடிபட்ட ஓட்டை. 'கொப்பி ஒன் ரைட்' என்பதன் முதலெழுத்துகள்தான் இந்த 'கவ்'.

நூலகப் புத்தகத்தில் கிறுக்கக்கூடாது. நகல் எடுத்து அதில் கிறுக்கலாம். லினக்ஸும் அப்படித்தான். வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பை உங்கள் நிரல் மாற்றப்போனால், நினைவகத்தில் ஒரு நகலைக் கொடுத்துவிடும். ஆனால் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே, மறுபக்கம் 'நகலை எறி, நகலை எறி' என்று ஓயாமல் கேட்டால்? ஏதோ ஒரு கணத்தில் அது தடுமாறும். எழுத்து மூலக்கோப்பிலேயே விழும். அது பயனர் பட்டியலுள்ள கோப்பு என்றால், சாதாரணப் பயனரே கணினிக்கு முதலாளி!

ஓட்டையைவிட அதன் வயதுதான் எனக்கு வியப்பு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இலேயே இதை அடைக்கப் பார்த்தார். ஐபிஎம்மின் பெரிய மெயின்பிரேம் கணினிகளில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தத்தை விலக்கிக்கொண்டார்கள். ஏட்டளவில்தான் ஆபத்து என்று அப்போது தோன்றியது. பதினொரு ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது.

இதைக் கண்டுபிடித்தவர் ஃபில் ஓஸ்டர். தன் சர்வருக்கு வரும் வலைப் போக்குவரத்தைப் பதிவுசெய்து வைத்திருந்தார். அதில்தான் தாக்கியவரின் நிரல் சிக்கியது. ஆக, திருத்தம் வருமுன்பே யாரோ இதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அன்ட்ரொயிட் போனுக்குள் இருப்பதும் லினக்ஸ்தான். அப்டேட் நின்றுபோன பழைய போன்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவேயில்லை.