வயிற்றுப் பிள்ளையும் பிரெஞ்சுச் சட்டமும்

நம் ஊரின் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் "ஆன்ஃபான் சான் வி" என்று ஒரு வகைப் பதிவு உண்டு. உயிரில்லாத குழந்தை என்று பொருள். 1806 ஜூலையில் நெப்போலியன் போட்ட ஆணை அது. பிறப்பைப் பதிவதற்குள் குழந்தை இறந்துவிட்டால், உயிரில்லாத ஒரு குழந்தை தம்மிடம் காட்டப்பட்டது என்று மட்டும்தான் மேரி அதிகாரி எழுதலாம். பெற்றோர் யார், எந்த நாள் எந்த மணிக்குத் தாயின் வயிற்றிலிருந்து வெளியே வந்தது என்று எழுதி, இறப்புப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். "பிறந்தது" என்ற சொல் கிடையாது. உயிரோடு வந்ததா, உயிரில்லாமலே வந்ததா என்பதைப் பதிவு செய்பவர் முடிவு கட்டக் கூடாது. குடியுரிமைக்காகப் பிரதி கேட்டு வருபவர்களுக்காக அந்தக் கட்டுகளைப் பல வருடம் புரட்டியவன் என்பதால், அந்த ஆணையின் ஜாக்கிரதை எனக்கு நன்றாகப் புரியும்.

ஜாக்கிரதைக்குக் காரணம் சொத்து. பிரெஞ்சு சிவில் சட்டப்படி தகப்பன் சாகும்போது வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் பங்கு உண்டு. ஆனால் உயிரோடு, பிழைக்கத்தக்கதாகப் பிறக்க வேண்டும். நம் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. ஆக, பங்கு பிரிக்கும்போது வயிற்றுப் பிள்ளையை ஆளாகக் கணக்கில் வைப்பதில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. அதற்கு மேல் அது யார் என்று கேட்டால்தான் சட்டம் வாயை மூடிக்கொள்ளும்.

கருக்கலைப்பு விஷயத்தில் மட்டும் நெடுங்காலம் வாய் திறந்தே இருந்தது. 1810 குற்றச் சட்டத்திலேயே அது குற்றம். ஜெர்மானியர் ஆக்கிரமித்த காலத்தில், 1942 பிப்ரவரியில், விஷி அரசு அதை அரசுக்கு எதிரான குற்றம் ஆக்கியது. மறு வருடம் ஜூலையில் செர்பூர் பக்கத்து மரி-லூயிஸ் ஜிரோ என்ற பெண்மணியை, 27 கருக்கலைப்புகள் செய்ததற்காகக் கில்லட்டினில் ஏற்றினார்கள். நம் ஊர் 1940 செப்டம்பரிலேயே தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டது. விஷியின் சட்டம் இங்கே எட்டவில்லை.

1974 நவம்பர் 26ஆம் தேதி சுகாதார மந்திரி சிமோன் வெய் தேசிய சபையில் எழுந்தபோது, 490 உறுப்பினர்களில் பெண்கள் 9 பேர். ஆண்கள் மட்டுமே நிறைந்தது போன்ற சபையில் ஒரு பெண்ணாகப் பேசுகிறேன் என்று அவரே சொன்னார். வருடத்துக்கு 3 லட்சம் பெண்கள் சட்டத்துக்கு மறைவாகக் கலைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்றார். ஒரு உறுப்பினர் எட்டு வாரக் கருவின் இதயத் துடிப்பை டேப்பில் போட்டுக் காட்டினார். இன்னொருவர் கருக்களைச் சுடுகாட்டு உலைகளில் போடுவது பற்றிப் பேசினார். யாரிடம்? பதினாறு வயதில் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டு, தாயையும் தகப்பனையும் அண்ணனையும் பறிகொடுத்த பெண்ணிடம். 29ஆம் தேதி விடியற்காலை 284 வாக்குக்கு 189 என்று சட்டம் நிறைவேறியது. அவர் சார்ந்த ஆளும் தரப்பில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். காப்பாற்றியது எதிர்க்கட்சியான இடதுசாரிகள்.

பாரிஸ் பத்திரிகை அப்போதெல்லாம் பத்து நாள் கழித்துத்தான் நம் கைக்கு வரும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர் அதைப் படித்துவிட்டு, "தம்பி, தில்லியில இத மூணு வருஷம் முந்தியே சட்டமாக்கிட்டாங்க. இவுங்க இப்பத்தான் அடிச்சுக்குறாங்க" என்றார். உண்மைதான். நம் 1971 சட்டம் வந்தபோது இவ்வளவு ரகளை இல்லை.

வெய் சட்டத்தின் முதல் பிரிவைப் பாருங்கள். உயிரின் தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு மனித ஜீவனையும் மதிப்பதாகச் சட்டம் உறுதி சொல்கிறது. அவசியம் ஏற்பட்டால் மட்டும் விலக்கு. இக்கட்டில் இருக்கும் பெண் பத்து வாரத்துக்குள் கலைத்துக்கொள்ளலாம் என்று அப்போது இருந்தது. கரு ஒரு ஆளா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. 1806 ஆணையின் அதே புத்தி. பதில் சொல்லியே தீருவோம் என்று உட்கார்ந்திருந்தால் அந்தச் சட்டம் வந்தே இருக்காது என்பது என் எண்ணம்.

ஆனால் இந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவரும் ஒரு பெண்தான். 1991 நவம்பரில் லியோன் நகரில், வியட்நாம் வம்சத்துத் திருமதி வோ ஆறாம் மாதப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி போனார். அன்றைக்கு அதே வோ என்ற பெயருள்ள இன்னொரு பெண் கருத்தடை லூப்பை எடுக்க வந்திருந்தார். டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட, இவர் எழுந்து போனார். பிரெஞ்சு சரியாகப் புரியாது. முன்கூட்டிப் பரிசோதிக்காமல் லூப்பை எடுக்கப் போய் டாக்டர் பனிக்குடத்தைக் கிழித்துவிட்டார். கர்ப்பத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் என்று வழக்கு. 1996இல் விடுதலை, 1997 மேல்முறையீட்டில் தண்டனை, 1999இல் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. பிறக்காதது சட்டத்தின் கண்ணில் "பிறர்" அல்லவாம். 2003இல் அதே நீதிமன்றத்துக்கு ஒரு சாலை விபத்து வழக்கு வந்தது. அடிபட்ட கர்ப்பிணிக்கு அவசரமாகப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காக வண்டி ஓட்டியவர் குற்றவாளி என்றார்கள்.

திருமதி வோ ஸ்ட்ராஸ்பூர்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2004 ஜூலையில் 17 நீதிபதிகளில் 14 பேர் அவருக்கு எதிராகச் சொன்னார்கள். கரு ஒரு ஆளா என்று பொதுவாகப் பதில் சொல்வது விரும்பத்தக்கதும் இல்லை, இயலக்கூடியதும் இல்லை என்றார்கள். ஆஸ்பத்திரி மேல் நிர்வாக நீதிமன்றத்தில் நஷ்ட ஈடு கேட்டிருக்கலாமே என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

2003 நவம்பரில் தேசிய சபை ஒரு வழி பார்த்தது. தாயின் விருப்பம் இல்லாமல் அடுத்தவரின் தப்பால் கர்ப்பம் கலைந்தால், அதைத் தனிக் குற்றமாக்கும் திருத்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. கருவை ஆளாக்கி வெய் சட்டத்தைக் கொல்லைப்புறமாகக் கவிழ்க்கும் வேலை இது என்று பெண்கள் அமைப்புகள் கொதித்தன. செனட்டோடு திருத்தம் நின்றுபோனது. அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்தத் திருத்தம் நின்றது சரியில்லை என்றே எனக்குப் படுகிறது. கலைக்க விரும்பும் பெண்ணின் விருப்பத்தை மதிக்கும் சட்டம், பெற விரும்பிய பெண்ணின் விருப்பத்தையும் மதிக்கலாமே. அதற்குக் கருவை ஆளாக்க வேண்டிய தேவையே இல்லை; தாயை ஆளாகப் பார்த்தால் போதும்.

2024 மார்ச் 4ஆம் தேதி வெர்சாயில் இரண்டு சபைகளும் கூடி, 780க்கு 72 என்ற வாக்கில் பெண்ணின் அந்தச் சுதந்திரத்தை அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டன. கரு யார் என்று அதிலும் ஒரு வரி இல்லை. திருமதி வோ மாதிரி நாளைக்கு இன்னொருத்தி வந்து நின்றால், 1999 தீர்ப்பைத்தான் எடுத்துப் படிப்பார்கள்.