மோகினியும் இரவல் புத்தகமும்

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதும்போதெல்லாம் நாம் ஆசிரியர்களை எண்ணுகிறோம். 1879இல் வேதநாயகம் பிள்ளை, பிறகு ராஜம் ஐயர், பிறகு மாதவையா என்று வரிசை போகிறது. இந்த வரிசையில் இரண்டு பேருக்கு இடமில்லை. ஒருவர், புத்தகத்தை விலைக்கு வாங்காமல் இரவல் வாங்கிப் படித்தவர். இன்னொருவர், அந்த இரவல் புத்தகத்துக்குள் உட்கார்ந்திருந்த பேய். முதலாமவரைக் கணக்கெடுக்க நம்மிடம் வழியில்லை. இரண்டாமவரைச் சேர்த்துக்கொள்ள நமக்கு மனமில்லை.

பேயும் காதலும் கலந்த கதையை ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிப் படித்திருக்கிறார்கள். அதை மட்டமான எழுத்து என்று ஒதுக்குவது சுலபம். பெரும்பாலும் அது மட்டமான எழுத்துதான். அதில் எனக்குச் சச்சரவு இல்லை. ஆனால் ஓர் எழுத்து மட்டமானது என்று சொல்லிவிட்டால் அது எப்படிப் படிக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொன்னதாகாது. இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அச்சுக்கு வந்த கதை, நாவல் காலம் தொட்டு, பேயை விளக்கித் தீர்த்துவிடவே முயன்று வந்திருக்கிறது. கைமாறிய வாசிப்பு அந்த விளக்கத்தை அவ்வளவாக மதிக்கவில்லை என்று எனக்குப் படுகிறது.

2

நாவலுக்கு முன்னாலிருந்தே தொடங்க வேண்டும். பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்றவர்கள் அச்சிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் சந்தையிலும் திருவிழாக் கடைகளிலும் விற்றன. சென்னைக் குஜிலிக் கடைத்தெரு இந்த வகை அச்சுக்கே பெயர் கொடுத்தது. பெரிய எழுத்து என்பது வெறும் அச்சு அலங்காரமல்ல. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் மங்கிய விளக்குக்கும் அது ஒரு சலுகை. ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்டார்கள். அந்தப் பத்துப் பேரும் காசு கொடுக்காத வாசகர்கள்.

அவர்கள் கேட்டது என்ன? விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லி அரசாணி மாலை. வேதாளம் கேள்வி கேட்கிறது. மனிதன் தேவலோகத்துப் பெண்ணை மணக்கிறான். உருமாறுவதும் கூடு விட்டுக் கூடு பாய்வதும் கல்யாணத்துக்கு இடைஞ்சலாக இல்லை. 1886இல் நடேச சாஸ்திரி மதனகாமராஜன் கதையை ஆங்கிலத்தில் கொண்டுபோனபோது நாட்டார் கதை ஆராய்ச்சி என்ற கௌரவம் அதற்குக் கிடைத்தது. தமிழில் அது கடைசிவரை குஜிலிச் சரக்காகவே இருந்தது.

இவற்றுக்கெல்லாம் அடியில் பழையனூர் நீலி நிற்கிறாள். கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாக வருகிற அவனைப் பேயாகத் தொடர்கிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னோடு சேர்த்து வையுங்கள்' என்று ஊர்ச் சபையின் முன் வழக்குச் சொல்கிறாள். சபை அவள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, வணிகன் உயிருக்குத் தன் உயிரையே பிணையாக வைக்கிறது. விடிவதற்குள் வணிகன் செத்துக் கிடக்கிறான். எழுபது வேளாளர் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்கிறார்கள். இதில் பேய் பயம் காட்டுவதற்காக வந்த உருப்படியல்ல. அவள் வாதி. அவளுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அவள் இருக்கிறாளா இல்லையா என்று கதை ஒரு கணமும் யோசிப்பதில்லை.

3

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறிவாளன் உள்ளே வருகிறான். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908இல் வந்தது. அவருடைய கோவிந்தன் தமிழ் வாசகனுக்கு அறிமுகமான முதல் துப்பறிவாளர்களில் ஒருவன். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் அடுத்து வருகிறார். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸைத் தழுவித் தழுவி எழுதுகிறார்.

ரெயினால்ட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 'லண்டன் இரகசியங்க'ளை 1844 முதல் வாரம் ஒரு பென்னிக்கு விற்றவர். அங்கே விமர்சகர்கள் அவரைத் தொடக் கூசினார்கள். இந்தியாவில் இங்கிலீஷ் படித்தவர்கள் அவரை விழுந்து விழுந்து படித்தார்கள். 1846 - 47இல் அவர் எழுதிய 'வாக்னர்' ஓர் ஓநாய் மனிதனின் கதை. கிழவனொருவன் இளமைக்காக மாதம் ஒருமுறை ஓநாயாக மாறச் சம்மதிக்கிறான். பிறகு காதலிக்கவும் செய்கிறான். இன்று ஆங்கிலத்தில் அமானுஷ்யக் காதல்கதை என்று தனி அலமாரியில் விற்கப்படும் சரக்கின் பாட்டன் இது. தமிழில் நிலைத்தது துப்பறிவாளன். ஓநாய் மனிதன் நிலைக்கவில்லை. சீமான் வீடு, ரகசிய அறை, ஆள்மாறாட்டம், உயில் என்று ரெயினால்ட்ஸின் மரச்சாமான்களெல்லாம் வந்து சேர்ந்தன. 

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாவல் தன்னைப் புதுக் கல்வியின் பிள்ளை என்று சொல்லிக்கொண்டது. நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அது பதில் சொல்ல வேண்டியிருந்தது. அறிவு வளர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே பேயை நம்பச் சொல்ல முடியாது. ஆகவே முந்நூறு பக்கம் பயம் காட்டிவிட்டு, கடைசியில் திரையை விலக்கி ஓர் ஆளைக் காட்டுகிற வித்தை தேவைப்பட்டது. இந்த வித்தையை இங்கிலாந்தில் ஆன் ராட்கிளிஃப் 1794இலேயே 'உடால்ஃபோ மர்மங்க'ளில் செய்து காட்டிவிட்டார். நமக்கு அது நூறு வருஷம் கழித்து வந்தது.

இந்த நாவல்கள் வேறொரு காரியமும் செய்தன. உரக்கப் படித்துப் பலர் கேட்பதிலிருந்து ஒருவர் தனக்குள் படிப்பதற்குத் தமிழ் வாசிப்பு மாறியதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் (2002) விவரித்திருக்கிறார். அதில் மர்மக் கதையின் பங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அடுத்த அத்தியாயத்தில் யார் செத்தார்கள் என்று தெரிய வேண்டியவளுக்கு, இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது. அவள் தானே படிக்கக் கற்றுக்கொள்வாள்.

வை. மு. கோதைநாயகி இதற்கு ஒரு சாட்சி. பள்ளிப் படிப்பு இல்லாதவர். தொடக்கத்தில் அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினாள். 1925இல் 'ஜகன்மோகினி'யை ஏற்று நடத்தத் தொடங்கினார். நூற்றுப் பதினைந்து நாவல் எழுதினார். வாயால் சொன்ன கதைக்கும் அச்சேறிய கதைக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு தோழியின் பேனா அளவுதான். இவருடைய எழுத்தின் தரத்தைப் பற்றி க.நா.சு. வழியில் எதுவும் சொல்லலாம். இந்தத் தூரத்தைப் பற்றி நம் விமர்சனம் எதுவும் சொன்னதில்லை.

4

பிறகு வாரப் பத்திரிகை வருகிறது. தொடர்கதை வருகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வந்துகொண்டிருந்தபோது வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ பைண்டு போட்ட வீடுகள் அநேகம். அந்தப் பழக்கம் கல்கியோடு நிற்கவில்லை. சாண்டில்யன் சேர்ந்தார், சமூகக் கதைகள் சேர்ந்தன, பேய்க்கதைகளும் சேர்ந்தன. அப்படித் தைத்த புத்தகத்துக்குப் பதிப்பாளர் கிடையாது, விலை கிடையாது. பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரமும் பாதி அறுந்த நகைச்சுவைத் துணுக்கும் இருக்கும். நடுவில் ஒரு வாரம் இருக்காது. அதை வைத்திருந்தவள் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டுக்குப் போகும், நாத்தனார் ஊருக்குப் போகும், பிரசவத்துக்கு வந்தவளின் தலையணைக்கடியில் கிடக்கும்.

1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலேயே இது முன்னோடி. ஆனால் பேய்க்கதை வாசகி போன இடம் பெரும்பாலும் தெருக்கோடி லெண்டிங் லைப்ரரி. முன்பணம் கட்ட வேண்டும், நாள் வாடகை கொடுக்க வேண்டும். பி. டி. சாமியின் பேய்கள் அங்கேயும் பஸ் ஸ்டாண்ட் கடைகளிலும் குடியிருந்தன. இரவல் எடுத்த ஒரே புத்தகத்தை மறுபடி எடுத்துவிடாமலிருக்க, வாசகி ஏதாவது ஒரு பக்கத்தில் பென்சிலால் தன் அடையாளம் போட்டுவைப்பாள். ஒரு சுழி, ஒரு இனிஷியல், ஒரு பூ. சில புத்தகங்களில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு அடையாளங்கள் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒருவரையொருவர் பார்த்திராத வாசகிகளின் சபை அது. 'முடிவு சரியில்லை' என்று எழுதிவைத்தவளும் அதில் உண்டு. விமர்சனம் நம்மிடம் மட்டும் இருந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இரவல் புத்தகத்துக்கு ஒரு ஸ்தூலமான குணம் உண்டு. அதில் முதலில் உதிர்வது அட்டையும் கடைசிப் பக்கங்களும்தான். பேயை விளக்குகிற அத்தியாயம் கதையில் எங்கே இருக்கிறது? கடைசியில். முந்நூறு பக்க நாவலில் மோகினி இருநூற்றெண்பது பக்கம் நடமாடுகிறாள். அவள் ஜமீன்தாரின் தம்பி அமர்த்திய ஆள் என்பது கடைசிப் பத்துப் பக்கத்தில் தெரிகிறது. அந்தப் பத்துப் பக்கம் உதிர்ந்த புத்தகத்தைப் படித்தவளுக்கு மோகினி மோகினியாகவே இருந்துவிடுகிறாள். முடிவைத் தானே கட்டிக்கொள்கிறாள். அடுத்தவளுக்குச் சொல்லும்போது தான் கட்டிய முடிவைச் சொல்கிறாள். பத்துப் பக்கம் இருந்தாலும், சொல்லும்போது விளக்கம் சுருங்கிப்போகும். கொலுசுச் சத்தத்தைச் சொல்வதில் இருக்கிற ருசி, கொலுசு யாருடையது என்று சொல்வதில் இல்லை. துப்பறிவாளன் விரட்டிய நீலி இப்படித்தான் திரும்ப வருகிறாள் என்று நினைக்கிறேன்.

5

தேய்மானம் தற்செயலாகச் செய்ததைப் பிரக்ஞையோடு செய்தவர் புதுமைப்பித்தன். தழுவல்களைக் கடுமையாகச் சாடியவர்; ஆனால் பேய்க்கதையை விட்டு ஒதுங்கியவரல்லர். 'பிரம்ம ராக்ஷஸ்' எழுதினார். மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைனைப் 'பிரேத மனித'னாகச் சுருக்கித் தமிழில் தந்தார். 1943இல் 'காஞ்சனை' வந்தது. அதில் கணவன் கதை எழுதுகிறவன், தூக்கம் வராதவன், படித்தவன். வேலைக்காரியாக ஒருத்தி வீட்டுக்குள் வருகிறாள். ஒரு வாசனை வருகிறது. அவனுடைய படிப்பு விளக்கத்தைத் தேடுகிறது. கதை கொடுக்க மறுக்கிறது. கடைசிப் பக்கம் உதிர்ந்த இரவல் நாவலைப் படித்த அனுபவம், இங்கே கடைசிப் பக்கம் இருந்தும் கிடைக்கிறது. நாம் 'காஞ்சனை'யை நவீனத்துவத்தின் கணக்கில் மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். பெரிய எழுத்துப் புத்தகத்தின் கணக்கிலும் அதற்கு ஒரு பற்று உண்டு.

சுஜாதா வேறு பாதையில் போனார். 1981இல் குமுதத்தில் வந்த 'கொலையுதிர் கால'த்தில் பேயா விஞ்ஞானமா என்ற விவாதமே கதையின் ஓட்டம். விளக்கமாக ஹாலோகிராம் வந்து நிற்கிறது. விளக்கும் வித்தையைச் செய்தவர்களில் சுஜாதா கெட்டிக்காரர், நாணயமானவரும்கூட. எதிர்க்கட்சிக்கும் பேச இடம் கொடுத்தார். ஆனால் 1981இன் தமிழ் வாசகர் பெரும்பாலோருக்கு ஹாலோகிராம் என்பது கண்ணால் கண்டிராத வஸ்து. மோகினியை நம்பாமல் ஹாலோகிராமை நம்பு என்று சொன்னால் ஒரு நம்பிக்கைக்குப் பதில் இன்னொரு நம்பிக்கை. 2024இல் காலமான இந்திரா சௌந்தர்ராஜன், சித்தரையும் காவல் தெய்வத்தையும் துப்பறியும் கதைக்குள்ளேயே குடியேற்றினார். விளக்கமும் வேண்டும், விளக்கத்தைத் தாண்டியதும் வேண்டும் என்று வாசகர் கேட்டதை அவர் புரிந்துகொண்டார்.

6

இதெல்லாம் நமக்கு எதற்கு?

முதலாவது, ஆவணம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா 1992இல் இறக்கும்வரை, அறிஞர்கள் சீந்தாத குஜிலி நூல்களையும் நாவல்களையும் சேர்த்து வைத்தார். 1994இல் அவருடைய சேகரிப்பைக் கொண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அவர் இல்லையென்றால் இவற்றில் பல நமக்குப் பெயராகக்கூட மிஞ்சியிருக்காது. நிறையப் படிக்கப்பட்ட புத்தகம் படித்தே அழிகிறது. யாரும் தொடாத புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அலமாரியைப் பார்த்து எழுதப்படும் இலக்கிய வரலாறு, தொடப்படாத புத்தகங்களின் வரலாறாகிவிடும் அபாயம் உண்டு.

இரண்டாவது, நம் சொந்த நிலைமை. 'எழுத்து' 1959இல் தொடங்கி 1970இல் நின்றது. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். சிறுபத்திரிகையின் ஒரு பிரதியை ஐந்து பேர் படிக்கிறார்கள். ஆறாமவர் திருப்பித் தருவதில்லை. இரவலில் வாழ்கிற நாம், லெண்டிங் லைப்ரரி வாசகியை எந்த உயரத்தில் நின்று பார்க்கிறோம்? எழுத்தின் தரத்தில் வித்தியாசம் உண்டு. அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வாசிப்பின் தர்மத்தில் வித்தியாசம் இல்லை.

2008இல் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ்ச் சில்லறை நாவல்களை ஆங்கிலத்தில் தொகுத்தது. நல்ல காரியம். அட்டைப் படங்களையும் கொலைகளையும் மொழிபெயர்க்க முடிந்தது. பென்சில் அடையாளங்களை எப்படி மொழிபெயர்ப்பது?

மூன்றாவது, பேய். 2005இல் தொடங்கிய 'டுவைலைட்' வரிசை நாவல்களை நம் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் படித்தார்கள். கோப்பாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். இரவல் சாகவில்லை, வேறு கை பார்த்துப் போயிருக்கிறது. ஆனால் கோப்பு தேய்வதில்லை. அதில் கடைசிப் பக்கம் உதிர்வதில்லை. அதில் வருகிற இரத்தக் காட்டேரி நல்ல மாப்பிள்ளை. பணக்காரன், அழகன், கட்டுப்பாடு உள்ளவன், கல்யாணம் கேட்டு வருகிறான். நீலி நியாயம் கேட்டு வந்தாள். கொன்றவனைத் தேடி வந்த பெண் போய், கொல்லாமல் விட்டவனைக் காதலிக்கிற பெண் வந்திருக்கிறாள். இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு, மட்டம் என்ற ஒரு சொல் போதாது.

லெண்டிங் லைப்ரரிகள் ஊருக்கு ஊர் மூடப்பட்டு, பைண்டுத் தொகுப்புகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பழைய பேப்பர் கடையில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் ஆசிரியர் பெயரைப் பார்த்துக் கீழே வைத்துவிடாதீர்கள். கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கத்தில் எத்தனை அடையாளங்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.