பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம்

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு நேர்கிழக்கே உப்பங்கழியோரம் அமைந்த பழவேற்காட்டில், பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் தம்மவரை அடக்கம் செய்த இடம் இது.

விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதி தேவராயரின் அனுமதி பெற்று 1610-இல் இங்கே பண்டகசாலை அமைத்த ஒல்லாந்தர், 1612-இல் போர்ச்சுகீசியர் அதனைத் தாக்கி அழித்ததனால், மறு ஆண்டே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பிக்கொண்டனர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிபம் அனைத்துக்கும் 1690 வரை இக்கோட்டையே தலைமை ஸ்தானமாக விளங்கிற்று. இப்பிரதேசத்து நெசவாளர் நெய்த துணிகள் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்று, அங்கே வாசனைத் திரவியங்களாக மாறின. வெடிமருந்தும் இங்கே தயாராயிற்று. பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாத மக்கள் அடிமைகளாக விலைபோய், ஒல்லாந்தரின் கீழ்த்திசைத் தலைநகரான பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டதும் இத்துறையிலிருந்துதான். வணிகருக்கும் அதிகாரிகளுக்கும் அழகிய கற்கள் நிற்கும் இவ்வூரில், அவ்வாறு போனவர்களுக்குக் கல் ஏது? இத்தோட்டத்தின் சரித்திரத்தை எழுதுவோர் அவர்களை மறந்து எழுதுதல் நியாயமன்று.

தோட்டத்து வாயில் 1656 என்னும் ஆண்டைத் தாங்கி நிற்கிறது. உள்ளே நுழைவோரை முதலில் எதிர்கொள்வன அவ்வாயிலின் இருமருங்கிலும் செதுக்கப்பட்ட இரு எலும்புக்கூட்டு உருவங்களாம். மணற்கடிகையும் மண்டையோடும் அவற்றுடன் காணப்படுகின்றன. ஆயுளின் அநித்தியத்தை அக்காலத்து ஐரோப்பியர் உணர்த்திய முறை அது. உள்ளே, மேற்கூரை வளைந்த மண்டபங்களும், கூம்பிய ஸ்தூபிகளும், தரையோடு தரையாய்ப் பதிந்த பெரிய கற்பலகைகளும் இருக்கின்றன. பலகைகளின் தலைப்பில் குடும்பச் சின்னங்கள். அவற்றின் கீழ் ஒல்லாந்த மொழியில் பெயரும் பதவியும் மரணத் தேதியும். எழுத்துக்களைக் கல்லில் குழித்து வெட்டாமல், சுற்றியுள்ள கல்லைக் களைந்து எழுத்தைப் புடைத்து நிற்கச் செய்திருக்கும் பொறுமை வியக்கத்தக்கது.

இவ்வூர் ஒல்லாந்தருக்கு 1632 முதல் 1642 வரை சமயகுருவாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரை அணுகி நம்மவரின் ஆசாரங்களையும் மரணச் சடங்குகளையும் கேட்டறிந்து எழுதிவைத்தார். தம் நாட்டாரின் சாவுகளுக்கு ஜபம் செய்த ஒருவர் அண்டை வீட்டாரின் சாவையும் அறிய விரும்பியது, அக்காலத்தில் அபூர்வமான பண்பு என்றே கூறவேண்டும். அவர் நூல் 1651-இல், அவர் காலமான பிறகு, லெய்டன் நகரில் அச்சாயிற்று. வடமொழிக் கவி பர்த்ருஹரியின் வாக்குகள் ஐரோப்பாவை முதலில் எட்டியது அதன் மூலமே.

1690-இல் தலைமை ஸ்தானம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. அதனை ஆங்கிலேயர் 1781-இல் கைப்பற்றியபின் மீண்டும் பழவேற்காட்டுக்கே வந்தது. பின்னர் பழவேற்காடும் ஆங்கிலேயர் வசமாகி, கோட்டை 1806-இல் தகர்க்கப்பட்டு, 1825-இல் ஊர் முடிவாக அவர்களுக்குரியதாயிற்று. ஆகவே, கோட்டையில் வாழ்ந்தோரைப் பற்றி இவ்வூரிலேயே கண்ணால் கண்டு அறியக்கூடிய தலையாய சான்று, அவர்கள் புதைக்கப்பட்ட இந்நிலமே.

அலெக்சாந்தர் ரீ சென்னை மாகாணத்து ஒல்லாந்தர் சின்னங்களைப் பற்றி 1897-இல் வெளியிட்ட நூலில் இக்கற்களையும் வரைபடங்களோடு பதிவு செய்தார். இப்போது தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உப்புக்காற்று ஓயாது வீசும் இவ்விடத்தில் வேலி மட்டும் போதாது. எழுத்துக்கள் தெளிவாக உள்ளபோதே ஒவ்வொரு பலகைக்கும் மசிப்படி எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்புடன் வெளியிடுதல் அவசரமான பணி.