படகும் பஞ்சாலையும்



1946 ஜனவரி 8 அன்று கோவை மத்தியச் சிறையில் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நான்கு பஞ்சாலைத் தொழிலாளர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று நாம் சொல்வது இவர்களைத்தான். நிர்வாகத்தின் அடியாள் ஒருவன் பெண் தொழிலாளர்களிடம் அத்துமீறினான், தொழிலாளர்கள் திரண்டு தாக்கியதில் செத்தான் என்கிறது தொழிற்சங்க வரலாறு. நீதிமன்றம் அதைக் கொலை என்றது.

வேறு வழியில்லாமல் கொன்றோம் என்றால் சட்டம் ஒப்புக்கொள்ளுமா? சட்டக் கல்லூரியில் இதற்கு ஒரு படகுக் கதை சொல்வார்கள். 1884இல் மிக்னனெட் என்ற கப்பல் மூழ்கியது. கிட்டத்தட்ட 20 நாள் படகில் தத்தளித்த டட்லியும் ஸ்டீபன்ஸும் பசிக்காக, 17 வயதுப் பணிப்பையன் ரிச்சர்ட் பார்க்கரைக் கொன்று தின்றார்கள். தன்னுயிர் காக்க நிரபராதியைக் கொல்லும் உரிமை யாருக்கும் இல்லை என்றது இங்கிலாந்து நீதிமன்றம். சரியான தீர்ப்புதான். படகில் செத்தது யார் என்று பாருங்கள்: இருப்பவர்களில் எளியவன். ஆனால் மரண தண்டனை பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைந்தது. கோவையின் நால்வருக்கு அந்தக் கருணை கிட்டவில்லை.

இவர்கள் கொன்றது பணிப்பையனை அல்ல. அதனால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 81ஆம் பிரிவைவிட, தற்காப்பு பற்றிய 100ஆம் பிரிவே இவர்களுக்கு நெருக்கமானது. வல்லுறவு நோக்கத்துடன் தாக்குபவனைத் தடுக்கும்போது உயிரே போனாலும் குற்றமில்லை என்கிறது அது. பிறருக்காகவும் அந்த உரிமையைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆபத்து கண்ணெதிரே இருக்க வேண்டும். அதிகாரிகளை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை என்று 99ஆம் பிரிவு கதவை அடைக்கிறது.

நாளைக் காலை அதே ஷிப்டுக்கு, அதே வாசலில் நுழைய வேண்டிய பெண்ணுக்கு ஆபத்து எப்போது முடிகிறது? நால்வரையும் சட்டப்படி விடுவித்திருக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. சட்டம் கணத்தை அளக்கிறது, அவள் அன்றாடத்தை வாழ்கிறாள் என்கிறேன். சேரியிலிருந்து காவல் நிலையம் போய்த் திரும்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. 2016இல் உடுமலையில் சங்கரை வெட்டியபோது 'கௌரவம்' என்ற சொல் காதில் விழுந்தது. அது எந்தப் பிரிவிலும் இல்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம். 81 இப்போது 19, 99 இப்போது 37, 100 இப்போது 38. சாரம் அதேதான். புகாரை வாங்க மறுக்கும் காவல் நிலையம் 37இன் எந்த வரியில் வருகிறது என்று சட்டம் படிக்கும் பிள்ளைகள் தேடிப் பார்க்கட்டும்.