செப்புக் காசும் சேமிப்பும்

காசு என்னும் சொல் தமிழுக்கு மிகப் பழையது. கீழைநாடுகளின் சிறு செப்பு நாணயத்தைக் ‘கேஷ்’ என்று ஆங்கிலேயர் குறித்ததும், போர்த்துகீசியர் வாயிலாகச் சென்ற இத் தமிழ்ச் சொல்லே என்பர் அகராதியாளர். துட்டு என்பது டச்சுக்காரரின் செப்பு நாணயத்தின் பெயர். சல்லி, தம்பிடி, காலணா, பைசா யாவும் அவ்வாறே. பொன்னையும் வெள்ளியையும் நம்மவர் எத்துணை போற்றினும், பணம் என்னும் பொருளில் அன்றாடம் அவர்கள் நாவில் புரண்ட சொற்களிற் பல செம்பிலே பிறந்தவை என்பது கருதத்தக்கது.

அண்மை ஆண்டுகளில் செம்பின் விலை ஏறக்கண்ட அன்பர் சிலர், “பழைய செப்புக் காசுகளையும் பாத்திரங்களையும் சேர்த்து வைத்தால் பிள்ளைகளுக்கு உதவாதா?” என்று சங்கக் கூட்டங்களில் வினவுவதுண்டு. கைப்பொருளைப் பற்றிய வினாவாதலின், இதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் நன்று.

முதலில் நம் முன்னோர் எதைச் சேர்த்து வைத்தனர் என்று காண்போம். 1898ஆம் ஆண்டு புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் கிடைத்த உரோமானியப் புதையலில் 501 காசுகள் இருந்தன, அனைத்தும் பொன். செப்புக் காசுகளோ கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையில் வையை மணலிலும் சிதறிக் கிடைத்து வருகின்றன. இராசராச சோழன் பெயர் பொறித்த செப்புக் காசுகள் தமிழகத்திலும் ஈழத்திலும் ஏராளம். பொன்னைப் புதைத்தார்கள், செம்பைத் தொலைத்தார்கள் எனலாம். செம்பு செலவுக்கு வந்த உலோகம், காப்புக்கு வந்ததன்று.

இதற்குக் காரணம் எடை. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1835இல் நாணயங்களைச் சீராக்கியபோது, செப்புக் காலணாவுக்கு 100 குன்றி நிறை வகுத்தனர். (நம் குன்றிமணியன்று, ஆங்கிலேயர் ‘கிரெயின்’ என்னும் அளவு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஆறரைக் கிராம்.) ரூபாய்க்கு 64 காலணா. எனவே ஒரு ரூபாயைச் செம்பாக வைத்துக்கொள்ள விரும்பியவர் சுமார் 415 கிராம் சுமக்க வேண்டும். வெள்ளியாக வைத்தவர்க்கோ பன்னிரண்டு கிராமுக்கும் குறைந்த ஒரே நாணயம். இதனை விரித்துப் பார்த்த நாடு சுவீடன். அங்கே 17ஆம் நூற்றாண்டில் செம்பையே பெருமதிப்பு நாணயமாக அடித்தனர். 1644இல் வெளியான பத்துத் தாலர் தகடு ஒன்றின் நிறை ஏறக்குறைய இருபது கிலோ! அந்நாட்டு வங்கி 1661இல் ஐரோப்பாவின் முதல் காகித நோட்டை வெளியிட்டதற்கு இச் சுமையும் ஒரு காரணம்.

சரி, சுமந்தவர் பயன் பெற்றாரா? 2024 மே மாதத்தில் இலண்டன் உலோகச் சந்தையில் செம்பு டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. கிலோவுக்கு 900 ரூபாய்க்குச் சற்று மேல். அவ் உச்ச விலையிலும் 1835இன் ஒரு ரூபாய்ச் செம்பு சுமார் 375 ரூபாயே பெறும். அதே ரூபாயை வெள்ளி நாணயமாக வைத்திருந்தால் உலோகம் மட்டுமே சுமார் 950 ரூபாய் பெற்றிருக்கும்.

நம் பெற்றோர் காலத்துக்கு வருவோம். 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணய முறை வந்தது. வெண்கலத்தாலான ஒரு நயா பைசாவின் நிறை ஒன்றரைக் கிராம். பத்து ரூபாய்க்கு ஆயிரம் காசு வாங்கி ஒன்றரைக் கிலோவாக மூட்டை கட்டி வைத்தவரின் செம்பு, மேற்கண்ட 2024ஆம் ஆண்டு விலையில் சுமார் 1,300 ரூபாய். அன்று பத்துக் கிராம் தங்கம் சுமார் 90 ரூபாய். அதே பத்து ரூபாய்க்கு வாங்கிய ஒரு கிராமும் சிறிதுமான தங்கம், 2024 மே மாதத்தில் ஏறத்தாழ 8,000 ரூபாய். செம்பு ஏறவில்லை என்பதன்று, ஏறியது. ஆனால் அதனோடு ஏறிய பிறவற்றுக்கு ஈடாக ஏறவில்லை.

இங்கே அரசின் செயலையும் கவனித்தல் வேண்டும். நாணயம் அடிப்பவர் உலோக விலையைப் பதுக்குவோருக்கு முன்னரே அறிவர். 1906இல் தூய செம்பை விட்டு வெண்கலத்துக்கு மாறியபோதே காலணாவின் நிறை கால் பங்கு குறைந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் மக்கள் அச்சத்தால் வெள்ளி ரூபாயைப் பதுக்கினர். 1940இல் அரசு ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. தேவைக்கு மிஞ்சி நாணயம் சேர்ப்பதைக் குற்றமாக்கியது. அடுத்துச் சில்லறைக்கும் பஞ்சம் வந்தது. அஞ்சல் தலையையே சில்லறையாகக் கொடுத்து வாங்கிய காலம் அது. 1943இல் நடுவே துளையிட்ட காலணா வந்தது. சுமார் இரண்டு கிராம். கிழவர்கள் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டதும், பட்டறைகளில் வாஷராகப் பயன்பட்டதாகச் சொல்லப்படுவதும் இந்த ஓட்டைக் காலணாவே. 1965இல் ஒரு பைசா முக்கால் கிராம் அலுமினியமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அரசு உலோகத்தை உருவிக்கொண்ட பின்னரே மக்கள் பழைய காசைத் தேடினர்.

1968 முதல் 1971 வரை வெளியான பொன்னிறமான இருபது பைசாவில் தங்கம் கலந்திருப்பதாக ஊரெங்கும் பேச்சு இருந்ததென்று என் தாயார் கூறுவார். உண்மையில் அது செம்பு, அலுமினியம், நிக்கல் கலந்த உலோகம். உருக்குவோர் பெருகவே 1971இல் சிறு நாணயக் குற்றச் சட்டம் பிறந்தது. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் அதனை நீக்கித் தானே அவ்விடத்தை ஏற்றது. நாணயத்தை உருக்குதலும், உருக்கும் பொருட்டு மிகுதியாகச் சேர்த்தலும் ஏழாண்டுச் சிறைக்குரிய குற்றம். அமெரிக்காவிலும் 1982க்கு முற்பட்ட செப்புச் சென்டுகளைப் பீப்பாய் பீப்பாயாகச் சேர்த்தவர் உண்டு. அதன் செம்பு முகமதிப்பைப் போல் மும்மடங்கு பெறும்; ஆயின் உருக்குதற்குத் தடை 2006இலேயே வந்துவிட்டது. கையில் இருந்தும் விற்க இயலாத செல்வம் அது.

நாணயம் வேண்டா, பாத்திரமாகவே வாங்கி வைக்கலாமே என்பார்க்கு மும்பையிலேயே விடை உண்டு. பாய்தோணிப் பக்கம் தாம்பாகாட்டா என்றொரு கடைத்தெரு இருக்கிறது. தாம்பா என்றால் மராத்தியில் செம்பு. காட்டா என்றால் தராசு. அங்கே புதுப் பாத்திரத்தைச் செய்கூலியும் வரியும் சேர்த்துத் தருவார்கள். அதையே திரும்ப விற்கப் போனால் நம் ஐரோலியின் பங்கார்க் கடையானாலும் தாராவியானாலும் கழிவு உலோக விலைதான். அதிலும் ஈயப் பூச்சு, அழுக்கு, அடிப்பகுதி இரும்பு என்று கழிவுக்குமேல் கழிவு. வாங்கிய நாளிலேயே நட்டம் தொடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, 300 சதுர அடி வீட்டில் ஓர் அண்டாவும் இரண்டு தவலையும் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு இந்நகரில் என்ன விலை என்று யாரும் கணக்கிடுவதில்லை! செம்பை விட அதன் இருப்பிடமே விலையுயர்ந்தது.

ஆயினும் ஒன்று கூற வேண்டும். நம் பாட்டிமார் சீர்வரிசையாகக் கொண்டுவந்த பித்தளையும் செம்பும் முதலீடாக வந்தவையல்ல. தண்ணீர் காய்ந்தது, நெல் அவிந்தது. இடையே ஒரு பஞ்சமோ நோயோ வந்தால் அடகுக் கடைக்குச் சென்று மீண்டது. வேலையும் செய்து அவசரத்துக்கும் உதவிய பொருள் அது. அவற்றை எவர்சில்வருக்கு மாற்றிக் கொடுத்த குடும்பங்கள் எத்தனையோ. மாற்றாமல் வைத்திருப்போர் பயன்படுத்துக; இலாபம் கருதிப் புதிதாக வாங்கிப் பரணில் ஏற்றுவது என் கருத்தில் வீண்.

இனி, பழங்காசுக்கென்று தனி மதிப்பு உண்டே எனலாம். உண்டு, ஆனால் அது உலோகத்தின் மதிப்பன்று, அருமையின் மதிப்பு. புதுக்கோட்டை மன்னர் நவராத்திரியில் அரிசியுடன் வழங்கிய அம்மன் காசை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் பிரகதாம்பாள் உருவம், மறுபுறம் தெலுங்கில் ‘விஜய’ என்னும் எழுத்து. இருபது காசு ஓரணா. 1948 மார்ச்சில் அச் சமஸ்தானம் இணைக்கப்பட்டதோடு அது வழக்கொழிந்தது. ஆனால் எண்ணற்ற வீடுகளின் பூசைப் பெட்டியில் இன்றும் இருப்பதால் பெரும் விலை பெறுவதில்லை. வீட்டிலுள்ள பழங்காசைப் புளியிட்டுத் துலக்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: அந்தக் கரும்பச்சைப் படிவத்தோடு கூடிய காசையே சேகரிப்பாளர் விரும்புவர்; துலக்கியதற்கு மதிப்புக் குறையும். பழைய காசுக்கு இலட்சக்கணக்கில் தருவதாகத் தொலைபேசியில் வரும் செய்திகளைப் பற்றிச் சொல்லவே வேண்டா. தன் பெயரைக் காட்டி முன்பணமும் கட்டணமும் பறிக்கும் கூட்டத்தாரைக் குறித்து ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது.

விடுமுறைக்கு ஊர் சென்று கிணறு தூர்வாரும்போது பானையொன்று தட்டுப்படுமாயின், அப்போது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து மூலம் அறிவித்தல் கடமை என்கிறது அது. அச் சட்டம் எழுதப்பட்ட நாளில் பத்து ரூபாய்க்குச் செம்பென்றால் நான்கு கிலோவுக்கு மேல்.