டவர் எடுக்காத ஊர்கள்

பரமத்தி வேலூர்ப் பக்கம் செல்பேசியில் பேசிக்கொண்டிருக்கையில் குரல் அறுபட்டால் “இங்க டவர் எடுக்க மாட்டேங்குது” என்பார்கள். தமிழகம் முழுக்க உள்ள வழக்குதான் இது. கண்ணுக்குத் தெரியாத அலையை, கண்ணுக்குத் தெரியும் இரும்புக் கோபுரத்தின் பெயரால் அழைக்கிறோம். குழல் கேட்டேன் என்றால் குழலின் இசையைக் கேட்டேன் என்று பொருள்படுவது போல, இதுவும் கருவியாகுபெயர்தான். இலக்கணம் படிக்காதவர்கள் உண்டாக்கிய இந்த ஆகுபெயரில் பொறியியலாளர்களின் சொற்களில் இல்லாத ஒரு தெளிவு இருக்கிறது. அலை வானத்திலிருந்து மழை போல எல்லோருக்கும் பொதுவாகப் பெய்வதில்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு கணக்கின்படி, ஓரிடத்தில் நிறுத்திய கோபுரத்திலிருந்து வருகிறது. அந்தக் கணக்கைப் போட்டவர் யார், அதில் எந்த ஊர் விடுபட்டது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலூர் காவிரியின் வடகரையில் இருக்கிறது. ஜேடர்பாளையத்தில் ஆற்றிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால் இந்தப் பகுதியின் வயல்களை நனைக்கிறது. வெற்றிலை, வாழை, கரும்பு, தென்னை ஆகியவை பயிர்கள். வேலூரில் வெற்றிலையும் வாழைத்தாரும் ஏலம் போகின்றன. அருகிலுள்ள பிலிக்கல்பாளையத்தில் வெல்லம் ஏலம் போகிறது. வெற்றிலைக்கு இங்கே தனி அளவை உண்டு: நூற்று நான்கு கவுளி ஒரு சுமை. கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையை நெல் போலக் குதிரில் போட்டு வைக்க முடியாது. வெளியூரில் இன்று என்ன விலை என்பது இன்றே தெரிந்தாக வேண்டும். வாழைத்தாரும் அப்படித்தான். ஆகவே தொலைவிலிருக்கும் செய்தி விரைந்து வந்து சேர்வது இந்த ஊருக்கு ஆடம்பரமாக என்றுமே இருந்ததில்லை.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்தி இருப்புப்பாதையோடுதான் பயணம் செய்தது. சென்னையிலிருந்து மேற்குக்கரை நோக்கிச் சென்ற பாதை சேலத்தைத் தொட்டது. ஈரோட்டிலிருந்து திருச்சிக்குச் சென்ற பாதை காவிரியின் தென்கரையைப் பற்றிக்கொண்டது. தண்டவாளத்தின் பக்கத்திலேயே தந்திக் கம்பிகளும் சென்றன. வடகரையிலிருந்த வேலூருக்கு ரயில் வரவில்லை. சேலம், நாமக்கல், கரூரை இணைக்கும் பாதைகூட 2013இல்தான் திறக்கப்பட்டது. அதுவும் மோகனூர் வழியே செல்கிறது. வேலூருக்குக் கைகொடுத்தது நெடுஞ்சாலையும் காவிரிப் பாலமும்தான். அந்தச் சாலை முன்பு காசியையும் குமரியையும் இணைத்த ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை. இப்போது நாற்பத்து நான்கு. தந்திக்கும் தொலைபேசிக்கும் பின்னர் செல்பேசிக் கோபுரத்துக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு: ஏற்கனவே பணம் நடமாடும் பாதையில்தான் அவை முதலில் நடக்கும்.

சென்னையில் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது 1882 ஜனவரியில். கல்கத்தா, பம்பாய் இணைப்பகங்களும் அந்தக் காலத்தவையே. ஆனால் விடுதலையின்போது நாடு முழுவதிலும் இருந்த தொலைபேசிகள் சுமார் 80,000 மட்டுமே. பிறகு நாற்பது ஆண்டுகளுக்குத் தொலைபேசி என்பது விண்ணப்பித்துக் காத்திருக்கும் பொருளாகவே இருந்தது. வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதை உடைத்தவை இரண்டு. ஒன்று, 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம். வெளிநாட்டு இணைப்பகங்கள் குளிரூட்டப்பட்ட அறையைக் கேட்டன. இந்தியக் கிராமத்தின் வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறிய இணைப்பகத்தை சி-டாட் வடிவமைத்தது. 128 முனைகள் கொண்ட அந்த முதல் கிராமியத் தானியங்கி இணைப்பகம் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. சாம் பிட்ரோடாவின் பெயர் இதனோடு சேர்ந்தே நினைவுகூரப்படுகிறது. இரண்டாவது, எண்பதுகளின் இறுதியில் பெருகிய எஸ்.டி.டி. பூத். நாமக்கல் வட்டாரத்து லாரிகள் நாடெங்கும் ஓடின. ஓட்டுநர் எங்கோ ஒரு சாலையோரப் பூத்திலிருந்து அழைத்தால்தான் வண்டி எங்கே நிற்கிறது என்று உரிமையாளருக்குத் தெரியும். மஞ்சள் பலகை தொங்கிய அந்தக் கண்ணாடிக் கூண்டு ஆயிரக்கணக்கான சிற்றூர்களில் ஊரின் ஒரே வாயாக இருந்தது. தொலைபேசியை ‘வைத்திருத்தல்’ என்பதிலிருந்து ‘எட்டுதல்’ என்பதற்கு நம் சிந்தனையை மாற்றியதும் அதுதான்.

பூத் வைக்க ஒருவர் முன்வரவேண்டுமானால் அங்கே பேசுவதற்கு ஆள் வேண்டும். ஆள் குறைந்த ஊருக்கு என்ன செய்வது? அரசு கண்ட விடை, ஊருக்கு ஒரு பொதுத் தொலைபேசி. 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை 1997க்குள் நாட்டின் சுமார் 6 லட்சம் கிராமங்களுக்கும் தொலைபேசி என்றது. அது நடக்கவில்லை, 1999ஆம் ஆண்டின் கொள்கை அதையே 2002க்குள் என்றது. கம்பி போக முடியாத ஊர்களுக்கு வானொலி அலை வழியே இணைப்புத் தரும் முறையொன்று பயன்பட்டது. ஒரு மையத்தின் சில அலைவரிசைகளைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. இவற்றில் ஏராளமானவை ஓயாமல் பழுதாயின. பின்னர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளை அரசுச் செலவில் மாற்ற வேண்டி வந்தது. ஆனால் கருவி ஊமையாகக் கிடந்த நாட்களிலும் ஏட்டில் அந்த ஊர் ‘தொலைபேசி உள்ள கிராமம்’தான்.

இந்த ஏட்டுக் கணக்கை விளங்கிக்கொள்ள வேலூரிலிருந்து வடகிழக்கே போக வேண்டும். நாமக்கல்லையும் சேந்தமங்கலத்தையும் கடந்தால் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. ஓரியின் மலை என்று சங்க இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. வேலூரும் கொல்லிமலையும் ஒரே நாமக்கல் மாவட்டம்; 1997க்கு முன் இரண்டும் சேலம் மாவட்டம். ஆனால் மலையில் ஊர் என்பதன் பொருளே வேறு. அங்கே ஊராட்சிகள் ‘நாடு’ என்றே அழைக்கப்படுகின்றன: வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு என்று பதினான்கு ஊராட்சிகள். ஒரு நாடு என்பது மடிப்புக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் தொகுப்பு. நாட்டின் ஓர் ஊருக்குத் தொலைபேசி வந்தால் பதிவேட்டில் கிராமம் முழுவதற்கும் வந்ததாகிவிடும். ஓடையைத் தாண்டி இரண்டு மேடு ஏறியிருக்கும் சிற்றூரை எந்தப் பதிவேடும் தனியே கேட்பதில்லை.

இந்தியாவில் முதல் செல்பேசி உரையாடல் 1995 ஜூலை 31இல், மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவுக்கும் மத்திய அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நடந்தது. தனியார் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்ட செல்பேசி உரிமங்கள் மூன்று ஆண்டுகளில் மாவட்டத் தலைநகரங்களில் பாதியை எட்டினால் போதும் என்றன. அதற்கு ஈடாக வேறு நகரங்களைக் காட்டவும் இடமிருந்தது. கிராமம் பற்றிய கட்டாயம் இல்லை. 2003 மே மாதம் முதல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றானதும் நிலைமை மாறியது. அதுவரை வருகிற அழைப்புக்கும் பணம் கட்டிக்கொண்டிருந்த சிறு விவசாயிக்கு, சும்மா வைத்திருந்தாலே பயன் தரும் பொருளாகச் செல்பேசி ஆனது. கொடிக்காலில் நின்றபடியே விலை கேட்க முடிந்தது. வேலூர் போன்ற சந்தையூர்களுக்குக் கோபுரம் வர எந்தத் திட்டமும் தேவைப்படவில்லை. வியாபாரமே அதை இழுத்து வந்தது.

இதே காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு வேறொரு வழியை முயன்றது. கார்டெக்ட் என்ற அந்தக் கம்பியில்லாத் தொழில்நுட்பம் சுமார் பத்து கிலோமீட்டர் வரையிலும், இடையில் ஒரு மறுபரப்பி வைத்தால் இருபத்தைந்து கிலோமீட்டர் வரையிலும் தொலைபேசியோடு இணையத்தையும் கொண்டுசென்றது. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்திலும் மதுரை மாவட்டம் மேலூரிலும் இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அதைக் கொண்டு கிராம இணைய மையங்கள் நடந்தன. நெல்லிக்குப்பத்தில் அதற்குப் பின்னால் சர்க்கரை ஆலையும் கரும்பு விவசாயிகளும் இருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அங்கும் பயிர்தான் அலையை அழைத்து வந்தது. செல்பேசி மலிவானபோது இந்த முயற்சி பின்தங்கியது. ஆயினும், கிராமத்துக்கு ஏற்ற தொழில்நுட்பத்தைக் கிராமத்தின் வருமானத்திலிருந்து கணக்கிட்டுத் தொடங்க வேண்டும் என்ற அதன் அடிப்படை எண்ணம் இன்றும் பழுதற்றது.

மலையில் அலை ஏன் தடுமாறுகிறது? பழைய ஜி.எஸ்.எம். முறையில் ஒரு கோபுரத்தின் எட்டு எல்லை ஏட்டளவில் 35 கிலோமீட்டர். நடைமுறையில் மேடும் மரமும் அதைச் சில கிலோமீட்டருக்குக் குறுக்கிவிடும். குறைந்த அதிர்வெண் அலைகள் தொலைவு செல்லும். அதிகத் தரவைச் சுமக்கும் உயர் அதிர்வெண் அலைகள் விரைவில் களைத்துவிடும். மலைமுகட்டில் கோபுரம் வைத்தால் சமவெளியில் வெகுதூரம் தெரியும், ஆனால் அதே மலையின் மறுசரிவுப் பள்ளத்தில் நிழல் விழும். பலர் அறியாத ஒன்று, இது இருவழிப் பேச்சு என்பது. கோபுரத்தின் ஆற்றல் பெரிது. கைபேசியின் ஆற்றல் மிஞ்சிப்போனால் இரண்டு வாட். திரையில் கோடுகள் தெரிந்தும் அழைப்பு போகாமலிருக்க இதுவும் ஒரு காரணம். கோபுரத்தின் குரல் நமக்குக் கேட்கிறது, நம் குரல் கோபுரத்துக்குக் கேட்பதில்லை. கடையில் வாங்கிய பெருக்கியை அனுமதியின்றி வீட்டுக்கூரையில் வைப்பது சட்டப்படி குற்றம். அது பக்கத்து ஊர்களின் அலையையும் குலைக்கும். இவை எல்லாவற்றுக்கும் தீர்வுகள் உண்டு. சிறு கோபுரங்கள், முகட்டிலிருந்து முகட்டுக்கு நுண்ணலை இணைப்பு, சூரிய மின்சாரம் என்று பொறியியலாளர் அடுக்குவார். அடுக்கிய பின் ஒரு கேள்வி எஞ்சும்: நாற்பது வீடுகளுக்காக இந்தச் செலவை யார் ஏற்பது?

இதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஒரு பங்கை எடுத்து இலாபம் தராத ஊர்களுக்குச் செலவிடும் பொதுச்சேவைக் கடப்பாட்டு நிதி 2002 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. முதலில் அது செல்பேசிக்கு உரியதாக இல்லை. 2006இல் வந்த திருத்தம்தான் செல்பேசிக்கும் வழிவிட்டது. 2007இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்களுக்கு மானியம் தரும் திட்டம் தொடங்கியது. ஒரு கோபுரத்தை மூன்று நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற அதன் விதி அறிவார்ந்தது. ஆனால் தகுதி விதியில் இருந்த எண் 2000. அத்தனை பேர் கொண்ட கிராமமோ கிராமத் தொகுதியோ இருந்தால்தான் கோபுரம். சமவெளிக்கு இது சிறிய எண். மலைச் சிற்றூருக்கு எட்டாத எண். நிதியில் சேர்ந்ததில் கணிசமான பகுதி பல ஆண்டுகள் செலவாகாமல் கிடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெற்ற அலையும் நிலையானதல்ல. 2018இல் ஏர்செல் நிறுவனம் நொடித்து நின்றபோது தமிழகத்தில் லட்சக்கணக்கானோரின் செல்பேசிகள் ஒரே வாரத்தில் ஊமையாயின. நகரத்தில் இருந்தவர் வேறு நிறுவனத்துக்கு மாறினார். ஒரே கோபுரம் உள்ள ஊரில் மாறுவதற்கு மற்றொன்று இருக்காது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தப் பழைய கணக்கின் விலை தெரிந்தது. மலையோர ஊர்களின் மாணவர்கள் இணைய வகுப்புக்காகப் பாறை மேலும் மரத்தின் மேலும் ஏறி அமர்ந்த படங்கள் நாளேடுகளில் வந்தன. நாமக்கல் மாவட்டத்திலிருந்தும் வந்தன. கல்வித் தொலைக்காட்சி ஓரளவு ஈடு செய்தது. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்து, அலை போகாத இடத்துக்கு மனிதர்கள் நடந்து போனார்கள். அந்தக் காட்சிகளை நாம் சாகசமாகப் பார்த்துக் கடந்துவிட்டோம். அந்தப் பிள்ளைகள் விளையாட்டுக்காக மரமேறவில்லை. 1994 முதல் ஒவ்வொரு கொள்கையும் ‘அனைத்துக் கிராமங்கள்’ என்று எழுதி முடித்த கணக்கின் மிச்சத்தை அவர்கள் மரக்கிளையில் உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் அலை இன்னும் கட்டாயமாகிவிட்டது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத்தளங்களில் வருகைப்பதிவு செல்பேசிச் செயலி வழியே என்றானது. அலை இல்லாத ஊரில் செய்த வேலைக்கான கூலியே அலையை நம்பி நின்றது. நியாயவிலைக் கடைக் கருவியும் 108 அவசர ஊர்தியும் அதையே கேட்கின்றன. அரசு ஒரு சேவையைச் செல்பேசிக்கு மாற்றும் கணத்திலேயே, அந்தச் சேவை கிடைக்க வேண்டிய ஒவ்வொரு சிற்றூருக்கும் அலை தரும் கடமையையும் ஏற்றுக்கொள்கிறது. இந்த இரண்டாவது பாதி பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை.

2022 ஜூலையில் ஒப்புதல் பெற்ற 4ஜி நிறைவுத் திட்டம், 24,680 கிராமங்களில் அலையில்லை என்று கணக்கெடுத்து, அவற்றுக்கு 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. பி.எஸ்.என்.எல். அதைச் செயல்படுத்துகிறது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் பழைய நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று புதுப்பெயர் சூட்டியது. பெயரும் தொகையும் பெரியவை, நல்லதே. ஆனால் கணக்கின் அலகு இன்னும் ‘கிராமம்’தான். கொல்லிமலையின் ஒரு நாட்டில் செம்மையாக ஒலிக்கும் கோபுரம் ஒன்று நிற்கலாம். அதன் நிழலில் இருக்கும் சிற்றூர் ‘அலை உள்ள கிராமம்’ என்றே எண்ணப்படும். எண்ண வேண்டியது கோபுரங்களை அல்ல, வீட்டு வாசல்களை. வாசலில் நின்று ஓர் அழைப்பு செய்து பார்த்து எழுதும் பதிவேடு ஒன்றை ஊராட்சியே வைத்திருக்கலாம். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

வெற்றிலைக்கு விலை கேட்க வேலூருக்குக் கிடைத்த அலை, பாம்பு கடித்தவரைக் காப்பாற்ற மலைச் சிற்றூருக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. ஆனால் முதலாவதைச் சந்தை பார்த்துக்கொண்டது. இரண்டாவதை யாராவது எண்ணியாக வேண்டும். “இங்க டவர் எடுக்கல” என்று ஒருவர் சொல்லும்போது அவர் தன் கைபேசியைக் குறை சொல்லவில்லை. இன்னும் நிறுத்தப்படாத ஒரு கோபுரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.